மூன்றாம் வகுப்பில் படிப்பு அப்படியே நின்றுவிட்டது: முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம் இது. பையனுக்கு எட்டு வயது, ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு வரை நல்ல மதிப்பெண். இந்த ஆண்டு முதல் பருவத்தில் எல்லாப் பாடத்திலும் இறங்கியது, இரண்டாம் பருவத்திலும் ஏறவில்லை. வகுப்பு ஆசிரியை ‘கவனமே இல்லை’ என்கிறார். வீட்டில் வாயால் கேட்டால் பதில் சொல்கிறான். டியூஷன் போடுவதா, பள்ளியை மாற்றுவதா, இல்லை டிஸ்லெக்ஸியாவா (அறிவு இருந்தும் எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் நீடிக்கும் சிரமம்) என்று அம்மா கேட்கிறார்.

மூன்றையும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். ‘படிப்பு நின்றுவிட்டது’ என்பதை மட்டும் வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்த எழுத்தில், எந்த மாதிரிச் சொல்லில், எந்தக் கணக்கில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த அடி. அதைக் கண்டுபிடிக்க வீட்டில் இரண்டு நாள், நாளுக்கு இருபது நிமிடம் போதும்.

ஏன் மூன்றாம் வகுப்பில் இது தெரியவருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இரண்டு வகுப்புகளில் பாடம் குட்டி. படத்தைப் பார்த்து, முதல் எழுத்தைப் பார்த்து, வகுப்பே கோரஸாகச் சொல்வதைக் கேட்டு, பக்கத்தை மொத்தமாக மனப்பாடம் செய்துவிடலாம். கேள்வி-பதிலை எழுதிப்போட்டு, அதையே தேர்வில் கேட்டால் 90 மதிப்பெண் வரும். கெட்டிக்காரக் குழந்தைதான் இதை நன்றாகச் செய்யும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. மூன்றாம் வகுப்பில் பாடம் நீள்கிறது, படம் குறைகிறது, கணக்கிலும் வாக்கியக் கணக்கு வருகிறது. மனப்பாடம் தாங்காது. அதாவது பையன் இந்த ஆண்டு பின்தங்கவில்லை. முன்பே இருந்த ஓட்டை இந்த ஆண்டு வெளியே தெரிகிறது. இன்னொன்று: தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. குழந்தைக்கு அது நல்லதுதான். ஆனால் எச்சரிக்கை மணி பள்ளியிலிருந்து வரும் என்று காத்திருந்தால் ஒன்பதாம் வகுப்புதான்.

இனி சோதனை. ‘டெஸ்ட்’ என்று சொல்லாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகோ தூக்கம் வரும் நேரத்திலோ வேண்டாம். நீங்கள் ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருங்கள், திருத்தாதீர்கள். தமிழில் தொடங்குங்கள், ஆங்கில வழிப் பிள்ளையாக இருந்தாலும். அவன் பேசும் மொழியில் வாசிக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

முதல் நாள், எழுத்து. 247 எழுத்தையும் கேட்க வேண்டாம், வரிசையாகவும் கேட்க வேண்டாம். ‘க கா கி கீ’ என்று பாட்டாகச் சொல்லத் தெரிவது எழுத்து தெரிவதாகாது. முப்பது உயிர்மெய் எழுத்துகளைக் கலைத்து எழுதுங்கள். அதில் மூன்று வகை கட்டாயம் இருக்கட்டும். உகர, ஊகார எழுத்துகள்: கு, சு, டு, நு, மு, று, கூ, பூ, தூ. இவற்றில் குறி எழுத்துக்கு எழுத்து மாறுகிறது, ஒன்றைக் கற்றால் மற்றது தானாக வராது. அடுத்து ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு: தெ, தே, தை. கடைசியாகக் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்பவை: கொ, கோ, மொ, மோ. பெரும்பாலான குழந்தைகள் தடுக்குவது இந்த மூன்றாவது வகையில். கண்ணுக்கு முதலில் கொம்பு படுகிறது, வாயில் முதலில் மெய் வர வேண்டியிருக்கிறது, பின்னால் இருக்கும் துணைக்கால் ஒலியையே மாற்றுகிறது. ‘கொக்கு’ என்பதை ‘கெக்கு’ என்று வாசிக்கும் குழந்தை கவனமில்லாமல் வாசிக்கவில்லை. கொம்பையும் ‘க’வையும் சேர்த்துவிட்டு, காலை அடுத்த எழுத்தின் பகுதி என்று நினைத்து விட்டுவிடுகிறது.

சரியா தவறா என்பதோடு எத்தனை நேரம் எடுக்கிறது என்றும் பாருங்கள். ‘கி’யைப் பார்த்ததும் சொல்கிறானா, மனத்துக்குள் க, கா, கி என்று ஓட்டிவிட்டுச் சொல்கிறானா? ஓட்டிச் சொல்லும் பிள்ளைக்கு எழுத்து தெரியும், ஆனால் சொல்லை வாசிக்கும்போது மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும்.

அதே நாளில் பொருளில்லாத சொற்கள் பத்து: பேனுசி, கொமாறை, சூலெபு, நுபோகை, இந்த மாதிரி. ‘ரோபோக்களின் பெயர்’ என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே வாசிப்பான். ஏன் இது தேவை என்றால், தெரிந்த சொல்லை நினைவிலிருந்து சொல்லலாம். இல்லாத சொல்லை எழுத்துக்கூட்டித்தான் சொல்ல முடியும். பாடப்புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கும் பிள்ளை இதில் நாலைந்து சொல்லில் மாட்டிக்கொண்டால், அந்தக் கடகட மனப்பாடம்.

இரண்டாம் நாள், பத்தி. அவன் பார்த்திராத ஐம்பது சொல் பத்தி வேண்டும். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் வகுப்புத் தமிழிலிருந்து ஒரு கதையை எடுங்கள். அவன் பள்ளியில் அதே புத்தகம் என்றால் வேறு எதையாவது எடுங்கள். அவன் வாசிக்கும்போது பிழையைக் குறியுங்கள். ஐம்பதில் இரண்டு மூன்று பிழை என்றால் அந்தப் பத்தி அவனுக்கு ஏற்றது. ஐந்துக்கு மேல் போனால் கடினம். முதல் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்குங்கள். எந்தப் படியில் சுலபமாக வாசிக்கிறானோ அதுதான் தொடங்கும் இடம். வகுப்பு எண்ணைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம், அவன் முன்னால் அந்த எண்ணைச் சொல்லவும் வேண்டாம்.

பிழை எது என்பதில் ஒரு எச்சரிக்கை. ‘இருக்கிறது’ என்று அச்சில் இருப்பதை ‘இருக்கு’ என்று வாசித்தால் அதைப் பிழையாகக் குறிக்காதீர்கள். அவன் பொருளைப் பிடித்துக்கொண்டு, பேசுகிற மொழியில் திருப்பிச் சொல்கிறான். அது நல்ல அறிகுறி. ‘பகல்’ என்பதை ‘பக்கல்’ என்றால் அது வேறு. ‘க’வுக்கு இடத்துக்கு இடம் ஒலி மாறும் என்பது (அக்கா, தங்கம், பகல்) அவனுக்கு இன்னும் பழகவில்லை.

வேகத்துக்கு ஒரு அளவு: மத்திய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் என்ற அடிப்படைக் கல்வித் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல், பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது. தமிழில் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ ஒரே சொல். ஆகவே அந்த 60-ஐப் பிடித்துக்கொண்டு பிள்ளையை விரட்டாதீர்கள். ஆனால் எளிய பத்தியிலேயே நிமிடத்துக்கு 20 சொல் தாண்டவில்லை என்றால், வாசிப்பதற்கே முழு மூளையும் செலவாகிறது, புரிந்துகொள்ள மிச்சமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான பகுதி. அதே அளவுள்ள இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, நாலு கேள்வி கேளுங்கள். கேட்டுப் பதில் சொல்கிறான், தானே வாசித்தால் சொல்ல முடியவில்லை என்றால், அறிவுக்கோ ஞாபகத்துக்கோ குறை இல்லை. எழுத்தை ஒலியாக்குவதில்தான் சிக்கல். உங்கள் விவரிப்பு இந்தப் பக்கம்தான் சாய்கிறது. வாசித்துக் காட்டினாலும் புரியவில்லை என்றால் வேறு வழி: சொல்வளம் போதவில்லையா, காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசிப்பும் நன்றாக இருக்கிறது, கேட்டும் புரிகிறது, பள்ளியில் மட்டும் எழுதுவதில்லை என்றால் கையெழுத்தின் வேகம், உட்காரும் இடம், பயம், இவற்றில் ஏதோ ஒன்று.

கடைசியில் பத்துச் சொல் ‘சொல்வதை எழுதுதல்’. ண-ன, ர-ற, ல-ள-ழ மாறுவதை மூன்றாம் வகுப்பில் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. வீட்டுப் பேச்சில் அந்த வேறுபாடு கேட்காத குழந்தைக்கு அது படிப்படியாகத்தான் வரும். புள்ளி விழாமல் போவது, நெடில் குறிலாவது, எழுத்தே காணாமல் போவது (‘பட்டம்’ என்பது ‘படம்’ ஆவது) இவைதான் கவனிக்க வேண்டியவை. சொல்லின் ஒலிகளைக் காதில் பிரித்துக் கேட்கவில்லை என்பதன் அடையாளம்.

சோதனை நடக்கும் வாரத்திலேயே கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். புத்தகத்திலிருந்து சரியாக எழுதி, கரும்பலகையிலிருந்து தப்பாக எழுதும் பிள்ளைக்கு முதலில் கண் மருத்துவர்தான். இந்த வயதில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்ப்பது நம்பகமானது. கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டர் சோதனையோடு நிறுத்த வேண்டாம். அடிக்கடி சளி, வாய் திறந்து தூக்கம், குறட்டை, ‘என்ன? என்ன?’ என்று கேட்பது இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் கேட்கும் திறன் வாரத்துக்கு வாரம் மாறும், ‘சில நாள் நன்றாகக் கவனிக்கிறான், சில நாள் இல்லை’ என்ற புகார் வரும். சோர்வாகவே இருந்தால் ஹீமோகுளோபின் பார்க்கலாம். 5 முதல் 11 வயது வரை 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. தூக்கம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு நாளில் பல முறை சில நொடிகள் கண் நிலைத்து நின்று, கூப்பிட்டாலும் தெரியாமல், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறானா என்றும் கவனியுங்கள். அது பகல்கனவாக இல்லாமல் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், மருந்தில் கட்டுப்படும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆர்பிஎஸ்கே (குழந்தைகளுக்கான அரசின் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு ஆண்டுதோறும் வரும். தனியார் பள்ளிப் பிள்ளை என்றால் நீங்களே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம்.

எழுத்தில்தான் சிக்கல் என்று தெரிந்தால், தினமும் 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது.

முதல் ஐந்து நிமிடம், தடுக்கும் எழுத்துகளில் ஒரே ஒரு வகை. இந்த வாரம் கொ-கோ என்றால் அது மட்டும். ‘க’ அட்டையை நடுவில் வைத்து, கொம்பு ஒரு துண்டிலும் கால் ஒரு துண்டிலும் எழுதி, அவனே இரண்டு பக்கமும் வைத்துப் படிக்கட்டும். கொம்பு மட்டும் வைத்தால் கெ. காலையும் சேர்த்தால் கொ. ஒற்றைக்கொம்பை எடுத்து இரட்டைக்கொம்பு வைத்தால் கோ. க போய் ம, ப, த என்று மாற்றுங்கள். கையால் நகர்த்திப் பார்த்த பிள்ளைக்குக் காலை விட்டுவிடும் பழக்கம் சீக்கிரம் போகும். அடுத்த ஐந்து நிமிடம், அந்த எழுத்து வரும் எட்டுச் சொற்கள்: கொடி, கோடு, மொட்டு, மோர், பொரி, தோடு என்று, குறிலும் நெடிலும் கலந்து. அடுத்த ஏழெட்டு நிமிடம், நாற்பது சொல் பத்தி ஒன்றை மூன்று முறை: முதலில் நீங்கள் விரல் வைத்து வாசிக்க அவன் பார்க்கிறான், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவன் தனியாக. அதே பத்தியை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். ‘மனப்பாடம் ஆகிவிடுமே’ என்ற பயம் வரும். கண் எழுத்தின் மேல் இருக்கும்வரை பயமில்லை. நாலாவது நாள் அதே சொற்களை வேறு வரிசையில் எழுதிக் கொடுத்தால் தெரிந்துவிடும். மீதி நேரம், அதிலிருந்து மூன்று சொல்லைச் சொல்ல அவன் எழுதுவது. மூன்று போதும். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதவைக்கும் இம்போசிஷனால் கைதான் வலிக்கும். ஏழாவது முறை எழுதும்போது அவன் சொல்லைப் பார்ப்பதே இல்லை, மேல் வரியைப் பார்த்து வரைகிறான்.

அவன் தடுக்கும்போது உடனே சொல்லைச் சொல்லிவிடாதீர்கள், மூன்று நொடி பொறுங்கள். பிறகு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் காட்டுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆங்கிலத்தை என்ன செய்வது? தமிழில் கூட்டி வாசிப்பது நிலைப்படும்வரை, ஆறு வாரமாவது, ஆங்கில வாசிப்புப் பயிற்சியை இதே இருபது நிமிடத்துக்குள் திணிக்காதீர்கள். பள்ளிப் பாடத்துக்கு ஒரு ஏற்பாடு: பாடத்தின் பொருளைத் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பாடத்தின் ஐந்து முக்கியமான ஆங்கிலச் சொற்களை மட்டும் படிக்கவைப்பது. பிறகு ஆங்கிலம் தொடங்கும்போது எழுத்தின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ‘பி-ஏ-டி’ என்று எத்தனை முறை சொன்னாலும் அதிலிருந்து ‘பேட்’ என்ற ஒலி பிறக்காது. எழுத்தின் ஒலியைத்தான் கற்க வேண்டும்.

கணக்கு தனிக் கதை. 43-இல் 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 34 என்று எழுதினால், கீழே இருக்கும் 7-இல் மேலே இருக்கும் 3-ஐக் கழித்திருக்கிறான்: எங்கே பெரிய எண்ணோ அதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று தனக்குத் தானே ஒரு விதி வைத்திருக்கிறான். அதே வகைக் கணக்கை ஐம்பது போட்டாலும் ஐம்பதிலும் அதே தவறுதான் வரும். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டுங்கள். 43 என்பது நாலு கட்டு, மூன்று உதிரி. ஏழு உதிரி வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரிக்கட்டும். இப்போது உதிரி 13. ஏழை எடுத்தால் ஆறு. மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு. 26. அவன் கையால் கட்டைப் பிரித்த பிறகுதான் ‘கடன் வாங்குவது’ என்ற சொல்லுக்கே பொருள் வரும். முந்நூற்று ஆறை 3006 என்று எழுதுகிறானா என்றும் பாருங்கள். அதுவும் இதே இடமதிப்புக் குழப்பம். வாக்கியக் கணக்கை நீங்கள் வாசித்துக் காட்டினால் செய்கிறான் என்றால் அது கணக்குப் பிரச்சினையே இல்லை, வாசிப்புப் பிரச்சினை.

ஆசிரியையைப் பார்க்கப் போகும்போது இந்தக் குறிப்புத் தாளோடு போங்கள். பள்ளி விடும் கூட்டத்தில் நின்றுகொண்டு பேசாமல், பத்து நிமிடம் தனியாக நேரம் கேளுங்கள். ‘எப்படிப் படிக்கிறான் மிஸ்?’ என்றால் ‘கவனம் பத்தாது, சேட்டை’ என்றுதான் பதில் வரும்; நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன சொல்வார்? இப்படிக் கேளுங்கள்: எந்த வரிசையில் உட்காருகிறான்? போர்டில் இருப்பதை முழுக்க எழுதி முடிக்கிறானா? வாய்க்கேள்விக்குப் பதில் சொல்கிறானா? எந்தப் பாடவேளையில் அதிகம் பேசுகிறான்? வாசிக்கச் சொல்லும் நேரத்தில்தான் சேட்டை என்றால் காரணம் தானே விளங்கும். பிறகு இரண்டே வேண்டுகோள்: முன்வரிசை, எட்டு வாரத்துக்கு வகுப்பு முன்னால் எழுப்பித் தெரியாத பத்தியை வாசிக்கவைக்காமல் இருப்பது. முந்தின நாள் பத்தியைச் சொல்லி அனுப்பினால் வீட்டில் தயார் செய்து அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

டியூஷன்: வீட்டுப்பாடத்தை முடித்துக்கொடுக்கும் டியூஷன் இந்தப் பையனுக்குக் கெடுதல். ஓட்டையை மறுபடி மறைக்கும். முதல் வகுப்புப் படியிலிருந்து வாசிப்பு சொல்லித்தர ஒருவர் கிடைத்தால் மட்டும், உங்களால் முடியாத பட்சத்தில், அனுப்புங்கள். மூளையைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் ‘மிட்பிரைன் ஆக்டிவேஷன்’ வகுப்பு, ஞாபகசக்தி டானிக், இதற்கெல்லாம் காசு செலவழிக்காதீர்கள்.

பள்ளி மாற்றம்: ஆண்டு நடுவில் வேண்டாம். அடுத்த ஆண்டு யோசிப்பதாக இருந்தால் அரசுப் பள்ளியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பின் ஐந்தாம் வகுப்பு வரை நீண்ட, தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கும் முறை இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். உங்கள் பையனுக்குத் தேவை அதுதான். எந்த அளவுக்கு நடக்கிறது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், நேரில் போய் வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டிஸ்லெக்ஸியா பற்றி. இப்போதே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆம் என்றும் சொல்ல முடியாது. சரியாகக் கற்பிக்கப்படாத பிள்ளையும் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையும் முதல் நாள் ஒரே மாதிரிதான் வாசிப்பார்கள். பயிற்சிக்கு எப்படி அசைகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஆகவே வாரம் ஒருமுறை, அதே கிழமையில், புதிய பத்தி ஒன்றில் ஒரு நிமிடம் வாசிக்கவைத்துச் சரியான சொற்களின் எண்ணிக்கையை எழுதிவையுங்கள். எழுத்துத் தடுமாற்றம் மூன்று நாலு வாரத்தில் குறையத் தொடங்க வேண்டும். பத்தி வேகம் எட்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விடாமல் செய்தும் பன்னிரண்டு வாரத்தில் எண் அசையவில்லை என்றால் மதிப்பீட்டுக்குப் போங்கள். பேச்சு தாமதமாக வந்த பிள்ளை, அப்பா-அம்மா வழியில் யாருக்காவது வாசிக்கச் சிரமம் இருந்தது என்றால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், எட்டு வாரமே போதும்.

மதிப்பீட்டை மருத்துவ உளவியலாளர் செய்வார்: ஒரு அறிவுத்திறன் சோதனை, அதோடு வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) உருவாக்கிய சோதனைத் தொகுப்பை நம் நாட்டில் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். அதில் 5-7 வயதுக்கு ஒன்று, 8-12 வயதுக்கு ஒன்று என்று இரண்டு நிலை. போகும் முன் கேட்க வேண்டியது: தமிழிலும் வாசிக்கவைத்துப் பார்ப்பீர்களா? ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், ஆங்கிலம் தெரியாததையும் குறைபாடாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இந்தத் துறையிலேயே பல ஆண்டுகளாக இயங்குகிறது. மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். டிஸ்லெக்ஸியாவும் அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் எட்டு வயது நிறைந்த பிறகுதான் தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அது தேவைப்படும். போகும்போது மூன்று பொருள் கையில் இருக்கட்டும்: கண், காது பரிசோதனை அறிக்கை, அவன் சொந்தக் கையெழுத்தில் திருத்தாத நோட்டு ஒன்று, நீங்கள் வாராவாரம் குறித்துவைத்த அந்த எண்கள்.